நாற்பதாம் நம்பர் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்

துடியலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை. அங்கே பில் போடும் அம்மாவை ஆனைமலை யூனிட்டுக்கு மாற்ற முடிவெடுத்திருந்தார்கள். தினமும் காலையில் லோடு ஏற்றிய லாரிகள் கேட்டில் நிற்கின்றன, பில் வருவதில்லை. அந்த அம்மாவுக்குக் கை வேகம் போதாதாம். வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவருக்கு மதியம் ஓடிப்போய்ச் சோறு ஊட்டிவிட்டு வருகிறவர் அவர். ஆனைமலைக்குப் போனால் அது நடக்காது. எதற்கும் ஒருதடவை பார்த்துவிடலாம் என்று கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் பிழைப்பு.

மில்லின் கணக்கு முழுவதும் ஒரே இயந்திரத்தில் இருந்தது. எல்லாருடைய ஸ்கிரீனும் அதோடு இணைந்தவை. ஒரு சரக்கின் இருப்பைத் திருத்துவதற்காக ஒருவர் திறந்தால், அவர் மூடும்வரை வேறு எந்த புரோகிராமும் அந்த வரியைத் தொட முடியாது. இரண்டு பேர் ஒரே கணக்கை மாற்றிக் குழப்பிவிடக் கூடாதே என்று வைத்த பூட்டு. பில் போட்டால் அந்தச் சரக்கின் இருப்பு குறைய வேண்டும்; அந்த அம்மாவின் பில் நாற்பதாம் நம்பர் நூலின் இருப்பில் வந்து நின்றது. பூட்டு யார் கையில் என்று இயந்திரத்தைக் கேட்டேன். அது மரியாதை தெரியாத ஜந்து, பட்டென்று சொல்லிவிட்டது. பெரிய முதலாளி வீட்டு ஸ்கிரீன்.

மில்லைத் தொடங்கியவர் அவர். பொறுப்பை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். முதலில் 'பார்வைக்கு மட்டும்' என்றுதான் ஸ்கிரீன் கொடுத்தார்களாம். ஆரம்பித்தவருக்கே பார்வைக்கு மட்டுமா என்று யாரோ சங்கடப்பட, திருத்தும் உரிமையோடு கொடுத்துவிட்டார்கள். அவர் எதையும் திருத்தியதே இல்லை. காலைப் பலகாரம் முடிந்ததும் நாற்பதாம் நம்பரைத் திறந்துவைத்துக்கொண்டு ஆசை தீரப் பார்ப்பார், அவ்வளவுதான்.

மேனேஜரிடம் சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தியாகத் தெரியவில்லை.

"நெட்வொர்க் கோளாறுன்னு எழுதிக் குடுத்துருங்க."

"அப்ப அந்தம்மா?"

"ஆர்டர் டைப் அடிச்சாச்சுங்களே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். கோபமெல்லாம் வாசல் வரைதான். உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். "ஐயா, உங்க ஸ்கிரீனுங்க, தொறந்தே இருக்குதுங்க, அதனாலீங்க..." என்று நான் போட்ட 'ங்க'வில் விஷயம் மூழ்கிப்போனது.

"கண்ணுக்குக் கெடுதல்னு சொல்றீங்களா?" என்றார் பெரியவர்.

காபியைக் கீழே வைத்தேன். "நீங்க மூடாததாலதானுங்க பில் நிக்குது. அந்தப் பழியில ஒரு அம்மாவை ஆனைமலைக்கு அனுப்பறாங்க."

அவர் உடனே ஸ்கிரீனை மூடினார். "ஏனுங்க, இதை ஒருத்தரும் சொல்லலீங்களே?" என்றார். எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அவரே மேனேஜருக்குப் போன் போட்டு, அந்த அம்மணி எங்கேயும் போக வேண்டியதில்லை என்று சொன்னார். பூட்டு விழாமல் வெறுமனே பார்க்கும்படி அவருடைய ஸ்கிரீனை மாற்றிக்கொடுத்தேன். "எனக்குப் பாத்தாப் போதுமுங்க" என்று சிரித்தார். இதைச் சொல்லத்தான் அத்தனை பேரும் பயந்திருக்கிறார்கள்.

சில மாதம் கழித்து அதே மில்லிலிருந்து அழைப்பு. காலையில் மறுபடியும் பில் நிற்கிறதாம். இயந்திரத்தைக் கேட்டேன், எங்கேயும் பூட்டில்லை. பில் செக்‌ஷனுக்குப் போனால், அந்த அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கேட்டில் லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்கம்மா, கம்ப்யூட்டர் நின்னுபோச்சா?"

"அதெல்லாம் இல்லீங்க. ஐயா இப்பத்தான் பாக்க உக்காந்திருக்காருன்னு மேனேஜர் சொன்னாருங்க. எங்கூட்டுக்காரரு மத்தியானம் என் கையால சாப்பிடறாருன்னா அது ஐயாவாலதானுங்க. அவரு பாத்துட்டு இருக்கறப்பவே அந்த ஸ்டாக்கைக் கொறைச்சுப்போட மனசு வருமுங்களா?"