ஆந்தைக்கா, கரடிக்கா?

வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தில் ஆந்தை அலறுகிறது. பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: பகலில் சொன்னதை ராத்திரியில் நாமே நம்பியாக வேண்டும்.

கணவருக்கு டீ பாக்டரியில் நைட் ஷிப்ட். எட்டு மாத மகள் தூங்குகிறாள். பின்கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போடாததற்குக் காரணம் இருக்கிறது.

அர்த்தம்

குன்னூரில் என் வீட்டிலேயே மாலையில் பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறேன். கான்வென்டில் படித்த பழக்கத்தில் எதையும் விளக்கிவிடுவேன். "இஸ்லாத்துக்கு முந்திய அரபு நாட்டுக் காலம்தான் ஜாஹிலிய்யா, அறியாமைக் காலம். எழுத்தறியாமை இல்லை, அருமையாகக் கவி பாடியவர்கள் அவர்கள். முன்கோபமும் வீண்பெருமையும்தான் அந்த அறியாமை" என்றேன். கடைக்காரர் மகள் ஷமீமா கை தூக்கினாள்.

"எங்கத்தா கணக்குல கெட்டிங்க மிஸ். சோத்துல உப்பில்லீன்னா தட்டத் தூக்கி வீசுவாரு. அவரு எந்தக் காலமுங்க?"

பிரயோகம்

காலத்தைக் குறிக்கிற சொல்லை ஆள்மேல் எறியக்கூடாது என்று சொல்ல மறந்துவிட்டேன். ஒரு வாரத்தில் ஷமீமாவின் அம்மா வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சரம்மா, நான் பழைய சோறு தின்னா ஜாஹிலிய்யாவாம், அதையே அவ தின்னா டயட்டுங்களாம்!"

ஆந்தை

அந்தக் காலத்தார் ஆந்தை அலறினால் சாவு வரும் என்று நடுங்கினார்கள், நபி (ஸல்) அவர்கள் அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று நடத்தினேன். பிள்ளைகள் அதோடு விட்டார்களா?

"அப்ப உங்க ஊட்டுக்குப் பின்னால ஆந்தை கத்துனாக்கூட நீங்க கதவத் தாழ் போட மாட்டீங்கதான மிஸ்?"

மாட்டேன் என்று தலையாட்டி வைத்தேன்.

கரடி

பக்கத்து வீட்டு மாரியம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். இன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், என் பின்கதவைத் தள்ளிப் பார்த்தார். அது உடனே திறந்துகொண்டது. ஆந்தைப் பாடத்தைச் சொல்லிச் சமாளித்தேன்.

"ஆந்தைக்குப் பயப்படாதீங்க, வேண்டாங்கல. நேத்து எஸ்டேட் லைன் வீட்டுல கரடி பூந்து தேங்காயெண்ணெய நக்கிட்டுப் போயிருக்குது, அதுக்காச்சும் பயப்படுங்க!"

குழந்தைக்கு இன்று தலை நிறையத் தேங்காயெண்ணெய்தான். ஆனால் இப்போது எழுந்தால் ஆந்தைக்குப் பயந்ததாகிவிடுமே. அது ஓயட்டும், கரடிக்கென்று போட்டுக்கொள்ளலாம் என்றுதான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருந்தேன்.

அது ஓய்வதாக இல்லை. வீண்பெருமைக்காகப் பிள்ளையைத் தாழிடாத வீட்டுக்குள் படுக்க வைப்பதும் ஜாஹிலிய்யாதான் என்று முடிவுகட்டி, ஆந்தை அலற அலறவே எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன்.