அலமேலுவின் குரலுக்கு ஒரு மைக்

காலை ஏழு மணிக்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்குச் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். ஒன்பதரைக்கு இறங்கியபோது கல்லூரித் தோழி அலமேலு ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் எடுப்பவள். அடுத்த வாரம் தைராய்டு ஆபரேஷன். குரல் மாறிப்போகவும் கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் பாடங்களைக் கணினியில் பதிந்துவிட நினைத்தாள். ஒலிப்பதிவு என் தொழில் என்பதால் மைக் வாங்கக் கூப்பிட்டிருந்தாள்.

பஸ் நிலையத்தருகே ஒரு கடை. கடைக்காரர் பளபளப்பான ஒன்றை எடுத்து வைத்தார். “ஸ்டுடியோ மைக்கு. ஊசி விழுந்தாலும் கேக்கும்.” மூவாயிரத்து ஐந்நூறு. அலமேலு கைப்பையைத் திறந்துவிட்டாள்.

“ஊசி கேட்டா உங்க ஊர் மயிலும் கேக்கும்டீ” என்றேன். காரைக்குடியை ஒட்டிய நேமத்தான்பட்டியில் அவள் குடியிருக்கும் வீட்டில் கூரை உயரம்; பேசினால் குரல் சுவரில் மோதித் திரும்பும்.

“அப்ப இங்குட்டு வாங்க” என்று கடைக்காரர் கறுப்பாக ஒன்றைக் கொடுத்தார். மேடையில் பாடுகிறவர்கள் கையில் பிடிக்கும் வகை. கணினியின் யூஎஸ்பியில் நேராகச் செருகலாம், இடையில் ஒலியை மாற்றித்தரும் தனிப் பெட்டி எதுவும் வேண்டாம். இரண்டாயிரத்து எண்ணூறு. “வாயை ஒட்டிப் பேசுனீகன்னா வேற சத்தம் அவ்வளவா ஏறாது.”

கடைவாசலிலேயே என் லேப்டாப்பில் சோதித்தோம். தெருவில் ஹாரன் அலறியது. பதிவில் அது எங்கோ தொலைவில் கேட்டது. அலமேலு மட்டும் காதருகே இருந்தாள். வாங்கிவிட்டோம்.

மதியம் அவள் வீட்டில், எதிரொலிக்கும் கூடத்தை விட்டுவிட்டு, துணி அலமாரி இருக்கும் சின்ன அறைக்குப் போனோம். எதிரொலியை அடக்க அவள் முதுகுப்பக்கம் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டேன். இருபடிச் சமன்பாடு பாதியில் இருமிவிட்டாள். “அழிச்சிரு, திரும்பச் சொல்றேன்.”

வாசலில் நின்ற அவள் கணவர் சிதம்பரம் தலையிட்டார். “அழிக்காதீக. இருமாம இவ என்னைக்கு வர்க்கமூலத்துக்குப் போயிருக்கா?”

அலமேலு சிரித்தாள். சிரிப்பும் பதிவானது. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

“இவ்வளவு கீச்சுன்னா பேசுறேன்?”

நான் பதிவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

“கீச்சுன்னாலும் எனக்கு இதுதான்டீ வேணும்” என்றாள், ஹெட்போனைக் கழற்றாமலே.

ஐந்து மணிக்குள் மூன்று பாடங்கள் முடிந்தன. மீதியை இனி அவளே பதிந்துகொள்வாள். சிதம்பரம் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

திருச்சியில் என் அறையில் விலை கூடிய மைக்குகள் நான்கு இருக்கின்றன. கணினி நிறைய ஊரார் குரல்கள். பஸ் திருமயத்தைத் தாண்டும்போது யோசித்துப் பார்த்தேன்: என் வீட்டார் குரல் ஒன்றுகூட அதில் இல்லை.