வேப்பிலை கட்டிய கதிர்வீச்சு

போன மாதம் கொஞ்ச நாள் நான் கதிர்வீசிக்கொண்டிருந்தேன். பகிடி இல்லை... நிஜமாகவே!

தைரொயிட் ஒப்பரேசனுக்குப் பிறகு கொழும்பில் விழுங்க ஒரு குளிசை தந்தார்கள். கதிரியக்க அயடீன். கழுத்தில் மிச்சமிருக்கும் கெட்டதை அது பார்த்துக்கொள்ளுமாம். சரி, அதற்குப் பிறகு அது எங்கே போகும்?

"பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். கொஞ்சம் வியர்வையில், எச்சிலில். மிச்சம் தானாகவே வலுவிழந்துவிடும்" என்றார் டொக்டர். அதுவரை நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். தனியாகப் படுக்க வேண்டும். பிள்ளைகள், கர்ப்பிணிகள் பக்கமே போகக்கூடாது.

கிளிநொச்சிக்கு வந்ததும் தண்ணீர் இலாகாவை என் கணவர் பொறுப்பெடுத்தார்.

"இஞ்சரும், குடிச்சனீரோ?"

"ஓம்."

"இன்னொரு கிளாஸ் குடியும்."

வயலுக்குப் பாய்ச்சுவது போலப் பாய்ச்சினார் மனிதர்!

தண்ணீர் சுலபம். ஆட்களைத் தள்ளி வைப்பது? சுகமில்லாதவரைப் பார்க்க பிஸ்கட் பெட்டியோடு வராவிட்டால் எங்கள் பக்கத்தில் அது பகை. அதிலும் ஒட்டுசுட்டானில் இருக்கும் என் தங்கை மகள் யாழினி... வயிறு தெரியத் தொடங்கிய கர்ப்பிணி. பிள்ளையில்லாத எனக்கு அவள்தான் பிள்ளை. போனில் கெஞ்சியும் கேட்கவில்லை.

"கதிர்வீச்சும் மண்ணாங்கட்டியும்! நாளைக்கு முதல் பஸ்ஸில வாறன், பெரியம்மா."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தக் குழந்தைக்கு ஏதும் ஆகிவிட்டால்...?

விடிந்ததும் கணவர் கேற்றில் வேப்பிலையைக் கட்டினார். அம்மை வந்த வீடு — அவ்வளவுதான்! பிஸ்கட் பெட்டிகள் கேற்றடிக்கும் வராமல் ஒழுங்கையோடு திரும்பின. யாழினியும் வந்தாள்; இலையைக் கண்டாள்; அப்படியே நின்றாள். டொக்டர் சொல்லி நிற்காத கால் இலைக்கு நின்றது. கண்ணுக்குத் தெரியாததற்குப் பயப்பட வைக்க, தெரிகிற ஒன்றைக் கட்ட வேண்டியிருக்கிறது!

"ஐயோ பெரியம்மா, அம்மாளோ?" என்று றோட்டிலிருந்தே கத்தினாள்.

ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கத்தான் மனம். ஜன்னலை விட்டு நகரவில்லை. "இல்லையடி, கதிர்வீச்சுத்தான்!"

"பொய் சொல்லாதேங்கோ!"

அழுதபடி அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். நானும் அழுதேன். கணவர் கதவடியில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"அழுதாலும் கொஞ்சம் வெளியில போகும்தான். இதைக் குடிச்சிட்டு அழும்."

போன கிழமை டொக்டர் பரிசோதித்துவிட்டு, இனிப் பயமில்லை என்றார். அடுத்த நாளே யாழினி வந்து, என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து விழுந்தது ஓர் உதை!

உதை வாங்கி இவ்வளவு சந்தோசப்பட்ட ஆள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.