காளிராஜ் தூங்கும் நாற்காலி

மூக்காண்டிக்கு இரண்டு நாளாக இருப்புக் கொள்ளவில்லை. சங்கரன்கோவில் விசைத்தறி செட் ஒன்றில் ஃபிட்டர் அவர். கை தறியில் இருந்தது, நெஞ்சு நர்சிங்ஹோமில் கிடந்தது.

எண்பத்து நான்காம் வருஷம். திருவேங்கடம் ரோட்டில் இருந்த அந்தச் சிறிய நர்சிங்ஹோமில் மூன்று சாய்வு நாற்காலிகள் உண்டு. வீட்டில் போட்டுக் காலை நீட்டும் துணி நாற்காலி இல்லை, முதுகை வேண்டிய அளவுக்கு ஏற்றி இறக்கும் இரும்பு நாற்காலி. பின்னால் பல் வெட்டிய சட்டம், அதைக் கடித்து நிற்கும் நாக்கு, பக்கத்தில் கைப்பிடி. கைப்பிடியை அழுத்தினால் நாக்கு விலகும், முதுகு சாயும். சனிக்கிழமைதோறும் மூக்காண்டி வந்து நட்டு, ஸ்பிரிங், பின் எல்லாம் பார்த்து, தானே உட்கார்ந்து உலுக்கி, "சரி" என்றால்தான் டாக்டர் நோயாளியை ஏற்றுவார். அந்தச் "சரி"யில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே!

குருவிகுளத்துக் காளிராஜுக்கு இதயக் கோளாறு. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். தூங்கினால் அந்த நாற்காலியில் பாதி சாய்ந்துதான் தூங்கவேண்டும். திங்கட்கிழமை சாயங்காலம் அதன் முதுகு தடாலென்று மல்லாந்துவிட்டது. நர்ஸ் ஓடிவந்து தூக்கிப் பிடித்ததால் ஆள் பிழைத்தான்.

"காரணம் தெரியாம இனி அதுல ஆள ஏத்த மாட்டேன்" என்றார் டாக்டர். "புதன்கிழமைக்குள்ள சொல்லலன்னா மூணும் ஸ்டோர் ரூமுக்குப் போயிரும்."

காளிராஜ் கட்டிலில் தலையணைகளை அடுக்கிக்கொண்டு, சரிவதும் விழிப்பதுமாகக் கிடந்தான். மூக்காண்டி செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்று தடவை வந்தார். கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ஒன்றும் கெட்டிருக்கவில்லை. ஏதாவது கெட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். காபியைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பவும் ஓடினார்.

புதன் மதியம் நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பியபோதுதான் கண்ணில் பட்டது. கைப்பிடி நுனியில் கறுப்புப் பெயிண்ட் வளையமாகத் தேய்ந்திருந்தது. கை பட்டால் இப்படித் தேயாது, கம்பி உரசினால்தான் தேயும். நர்ஸுகளுக்குக் கை வழுக்குகிறதென்று போன மாதம் அந்த நுனியை மேலே வளைத்தவர் அவரேதான். ஒரு விரலால் அழுத்தினால் போதும் என்று ஸ்பிரிங்கையும் இளக்கியிருந்தார். எல்லோரும் பாராட்டினார்கள். இப்போது அந்த வளைவில் எதை மாட்டினாலும் கனத்தில் கைப்பிடி தானே இறங்கிவிடும்.

நேரே காளிராஜின் கட்டிலுக்குப் போனார். "அந்தக் கைப்பிடியில அன்னைக்கு எதையும் மாட்டுனாகளா? நெசத்தச் சொல்லும் வே."

காளிராஜ் சுவரைப் பார்த்தான். "முருகம்மா கஞ்சித் தூக்குவாளிய மாட்டிட்டு டம்ளர் கழுவப் போனா. தினமும் மாட்டுதது தான். அன்னைக்கு வாளி நெறைய இருந்துச்சு. கஞ்சி கொட்டிக் கெடந்ததப் பாத்து, ஓடியாந்த நர்சம்மா கால் பட்டு வாளி கவுந்துச்சுன்னு எல்லாரும் நெனச்சிட்டாக."

"ரெண்டு நாளா நான் பைத்தியக்காரனா அலையுதேன், நீரு வாயத் தொறக்கலியே!"

"எம் பொண்டாட்டி அண்ணாச்சி. புருசன நாமளே கொல்லப் பாத்தமேன்னு சாகுத வரைக்கும் நெனப்பா. அவகிட்ட சொல்லிராதீக."

மூக்காண்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் வீங்கிய கண்ணைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. இப்படியும் ஒருத்தன் தூக்கத்தை விட்டுக் கிடப்பானா என்றிருந்தது.

நுனியை நிமிர்த்தினார். விறைத்த ஸ்பிரிங் போட்டார். கைப்பிடி தானாக இறங்காதபடி குறுக்கே ஒரு பின் செருகி, அதைச் சங்கிலியில் கட்டினார். நிறைந்த வாளி ஒன்றைத் தொங்கவிட்டு, தானே படுத்துப் பார்த்தார். அசையவில்லை. சுவரில் பெரிய ஆணிகள் அடித்தார். டாக்டரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னார். காளிராஜை நாற்காலியில் ஏற்றினார்கள்.

சாயங்காலம் முருகம்மாள் வந்தாள். மூக்காண்டி அவள் கைத் தூக்குவாளியை வாங்கி ஆணியில் மாட்டினார்.

"அன்னைக்கு யாரு தப்பு அண்ணாச்சி?"

"என் தப்புதாம்மா. கைப்பிடிய நான் ஒழுங்காச் செய்யல."

இரண்டு நாள் பயமும் அவளுக்குச் சேர்ந்து வந்தது. "ஒரு உசுரு போயிருந்தா நீங்க கொண்டாந்து தருவீகளா? சனிக்கெழம சனிக்கெழம வந்து என்னத்தப் பாத்தீக? உங்களையெல்லாம் நம்பி..." வார்டே திரும்பிப் பார்த்தது. மூக்காண்டி தலை குனிந்து நின்றார்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது நாற்காலியிலிருந்து மெல்லக் குறட்டை கேட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மூக்காண்டியை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், மீதியைக் குரலைத் தாழ்த்தித் திட்டினாள்.