தோளுக்கு மேலே இறங்கிய ஊசி

ஊசி போட்ட மறுநாள் காலை, அம்மனுக்குக் கற்பூரம் காட்ட வலது கையைத் தூக்கினேன். தட்டு பாதி வழியில் நின்றுவிட்டது. என் கைதான், ஆனால் என் மேல் யாரோ சாய்ந்து தூங்குவதுபோல் கனத்தது.

எனக்குச் சர்க்கரை உண்டு. அதனால் அயனம்பாக்கத்தில் வீட்டருகே ஒரு கிளினிக்கில் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருந்தேன். ஒரு வாரத்தில் சரியாகும் என்றார்கள். மூன்று மாதம் போயிற்று. எலும்பு டாக்டர் ஸ்கேன் பார்த்து, ஊசி தசையில் இறங்காமல் மேலே பர்சாவில் (மூட்டு உராயாமல் காக்கும் நீர்ப்பை) இறங்கியிருக்கிறது என்றார். மருந்தில் குறையில்லை, போட்ட இடம்தான் தப்பு.

பயிற்சிக்கு விரல்களால் சுவர் ஏறச் சொன்னார்கள். மத்தியான வெயில் சுவரில் நகரும்; விரல்கள் அதன் பின்னாலேயே போகும். பக்கத்து ஏரியிலிருந்து வரும் காற்றில் கண் செருகும். மணி போவதே தெரியாது.

என் வீட்டுக்காரர் நுகர்வோர் ஆணையத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். அப்போதுதான் ஒன்று என்னை அரித்தது. அன்று ரவிக்கைக் கை இறுக்கம், மேலே சுருளவில்லை. எதிரே ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கொக்கி அவிழ்க்கக் கூச்சப்பட்டு, முந்தானை இல்லாத வலது பக்கம் கழுத்தோரம் துணியை இறக்கி, இங்கேயே போடும்மா என்று நர்ஸிடம் நானே சொன்னேன்.

அதைச் சொன்னால் கேஸ் நிற்காது என்றார் வக்கீல்.

"நீ இன்னா அவுங்களுக்கு வக்கீலா? கம்முனு இரு" என்றார் வீட்டுக்காரர்.

"காலையில எந்திரிச்சு அம்மன் தாயி மொகத்துல முழிக்கணும்ங்க" என்றேன்.

வாக்குமூலத்தில் அதையும் எழுத வைத்தேன். கிளினிக் தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார். ஆணையத்தின் தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைக் கேட்டார்: "அவங்க கூச்சப்பட்டாங்க, சரி. எந்த இடத்துல போடணும்னு படிச்சது யாரு?"

நஷ்டஈடு தரச்சொல்லித் தீர்ப்பானது. என் பங்குத் தப்புக்குக் கொஞ்சம் குறைத்துத்தான். எனக்கு மனசு லேசாயிற்று.

உங்களுக்கும் ஊசிக்குப் பின் தோள்வலி நீடித்தால், மருத்துவச் சீட்டுகளை எறியாதீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதி வையுங்கள். தடுப்பூசிக்குப் பயப்படவும் வேண்டாம். இந்த வருடம் இடது கையில் போட்டுக்கொண்டேன்.

இப்போதெல்லாம் கொடியில் புடவை போடும்போது வலது கை ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் மேலே வருகிறது. அந்த ஒரு கணம் காற்றும் வெயிலும் ஈரப்புடவையும் அப்படியே நிற்கின்றன. நானும் அவசரப்படுத்துவதில்லை.