மூன்றாவது காயில்

அன்று காலை சங்கராபுரம் வைண்டிங் கடையில் முதலாளி இருந்தார், மாமா இருந்தார், நான் இருந்தேன். அத்தை இல்லை, கரும்பு வெட்டப் போயிருந்தாள். மேசைமேல் உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியத் தகடு கிடந்தது. மூலை வளைந்த அந்தத் தகடு இன்றும் என்னிடம் இருக்கிறது.

அது மோட்டாரின் ஸ்டார்ட்டரோடு சேர்த்து மாட்டும் பெட்டிக்கான பெயர்த் தகடு. மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போனாலும் கிணற்று மோட்டார் நிற்காது; மீதி இரண்டில் உறுமி உறுமியே எரிந்துபோகும். கருகிய மோட்டார்களைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றுவதுதான் மாமாவுக்கும் அத்தைக்கும் அந்தக் கடையில் வேலை. ஸ்டார்ட்டரைப் பிரித்துப் பார்த்த அத்தை ஒருநாள் சொன்னாள்: "ரெண்டுக்குத்தான் காவல் வெச்சிக்கிறானுங்க. மூணாவுதுக்கு நாதியில்ல." அவளே கம்பியால் இன்னொரு காயில் சுற்றினாள். கரண்ட் நலிந்தால் பிடியை விட்டு மோட்டாரை நிறுத்திவிடும்படி அதில் பேனா ஸ்பிரிங் ஒன்றைப் பூட்டினாள். அதைத் தகரப் பெட்டிக்குள் அடக்கியது மட்டும் மாமா. நைனார்பாளையத்திலிருந்தெல்லாம் ஆள் வந்து வாங்கிப்போனார்கள். மாமா செய்த பெட்டி என்றே எல்லோரும் சொன்னார்கள். மாமா மறுக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். தகட்டை என்னிடம் நீட்டி, "மாப்ள, இன்னா எழுதிகீது? படி" என்றார் மாமா. 'கண்டுபிடித்தவர்' என்று படித்தேன். அதற்கடுத்து இருந்த முதலாளியின் பெயரையும் படித்தேன்.

"என் பேரு எங்கீது முதலாளி?"

முதலாளி சிரித்தார். "கைநாட்டுப் பையா, உனக்குத் தகட்டுல பேரு கேக்குதா? உன் ரேகைய உருட்டிடலாமா?"

மாமாவின் கையிலிருந்து ஸ்பேனர் பறந்ததை நான் பார்க்கவில்லை. எலும்பில் அது இறங்கிய சத்தத்தைத்தான் கேட்டேன். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறுகையால் முதலாளி மாமாவின் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். பின்னால் ஒரு மோட்டார் சோதனைக்காகப் பெல்ட்டோடு ஓடிக்கொண்டிருந்தது. விழாமலிருக்க மாமா அதன்மேல் கையூன்றினார். நான் மெயின் சுவிட்சை இறக்குவதற்குள் பெல்ட் சுவரெல்லாம் ரத்தத்தை விசிறிவிட்டது. முதலாளியின் விரலிடுக்கிலிருந்து வழிந்த ரத்தம் நான் கீழே போட்ட தகட்டின்மேல் சொட்டியது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அத்தை கரும்புச் சோகை கீறிய கையோடு ஓடிவந்தாள்.

"இன்னாத்துக்குடா இந்த வெட்டுக்குத்து?"

"பொட்டில யாரு பேரப் போடறதுன்னு, அத்த."

கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "யாரு பேரப் போடச் சொன்ன?"

மாமா கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

இப்போது எந்தக் கிணற்றுக் கொட்டகைக்கு வேலையாகப் போனாலும் முதலில் பெட்டியில் இருக்கும் பெயரைத்தான் என் கண் தேடுகிறது. வீட்டுக்கு வந்து தகட்டை எடுத்துத் துடைக்கிறேன். 'கண்டுபிடித்தவர்' என்னும் அந்த ஒரு வரி இன்னும் தப்பாகவே இருக்கிறது. அதற்காகப் போனது முதலாளிக்கு இடது கண், மாமாவுக்கு இரண்டு விரல்.