ஒலியை நிறுத்திவிட்டு நடத்திய பாடம்

எனக்குச் சம்பளம் தருவதே வகுப்பறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்குத்தான். சின்ன வயதில் அதே பெஞ்சில் உட்கார்ந்ததற்கு அடி வாங்கியவன் நான். இப்போது அதற்கு ஆசிரியப் பயிற்றுநர் என்று பெயர் வைத்து, பயணப்படியும் கொடுக்கிறார்கள்.

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிகள் என் பொறுப்பு. வகுப்புகளில் புரொஜெக்டரும் லேப்டாப்பும் வந்த பிறகு, அவற்றை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிற ஆசிரியர்களுக்குத் துணை நிற்பதும் என் வேலையில் சேர்ந்தது. ஆசிரியரைப் பயிற்றுவிப்பது பற்றித் தடித்தடியாகப் பல புத்தகங்கள் படித்திருக்கிறேன். பயிற்றுநர் முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று எல்லாமே சொல்லின. அதை ஒரு கூட்டத்தில் ஆசிரியர்களுக்கு விளக்கினேன். மதியச் சாப்பாடு வரும்வரை விடாமல் விளக்கினேன். ஒருவரையும் வாய் திறக்க விடவில்லை.

எங்கள் பக்கத்துச் சிக்கல் எளிமையானது. பாடப்புத்தகம் தமிழில் வந்துவிடும். ஆனால் கேரளக் கல்வித் துறையின் இணையதளத்தில் இருக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் மலையாளத்தில் பேசும். அதனால் தமிழ் வழி ஆசிரியர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வீடியோவை ஓடவிட்டு ஒலியை நிறுத்திவிடுவது. பிறகு படத்துக்கு ஏற்றபடி தமிழில் தாங்களே பேசுவது. யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, எந்தக் கையேட்டிலும் கிடையாது. இடுக்கி மலையின் தேயிலை எஸ்டேட் பள்ளிகளிலும் இதையேதான் செய்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது.

இதில் கெட்டிக்காரர், எல்லையை ஒட்டிய ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பு டீச்சர். அவருடைய வகுப்பை முதலில் பார்த்தது எனக்கு மறக்காது. விதைகள் எப்படிப் பரவுகின்றன என்பது பாடம். திரையில் ஒரு தேங்காய் கடலில் விழுந்தது.

"பாத்துக்குங்க, தேங்கா உளுந்துருச்சு! மெதக்குது, மெதக்குது, அலை தள்ளுது, போகுது... அதா, கரைக்கு வந்துருச்சு!"

நானே கைதட்டப் போனேன். வீடியோ முடிந்ததும் டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் உறைத்தது. அந்த வகுப்பில் மூச்சு வாங்கியவர் டீச்சர் ஒருவர்தான். பிள்ளைகள் திருவிழாக் கூட்டம்போல வாய் பிளந்து வேடிக்கை பார்த்ததோடு சரி.

இதை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன். ஒரு தாள் நிறைய ஆலோசனை எழுதிக் கொடுத்தேன். டீச்சர் அதை மரியாதையாக நாலாக மடித்தார்.

"ஏனுங்க சார், இதைய படிச்சா வகுப்பு நல்லாயிருமுங்களா?"

"ஆயிடும் டீச்சர். செத்த முயற்சி பண்ணிப் பாருங்கோ."

"நீங்க படிச்சிருக்கறீங்கல்லங்க. உங்குளுக்கு ஆயிருச்சுங்களா?"

நான் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரன். எங்கள் தெருவில் யாரும் என்னை இவ்வளவு மரியாதையாகத் திட்டியதில்லை.

அதன் பிறகு தாளை விட்டுவிட்டேன். வேறொன்று கேட்டுப் பார்த்தேன். ஃபோனை ஜன்னலில் சாய்த்து வைத்து, உங்கள் வகுப்பை நீங்களே படம் பிடியுங்கள். நீங்கள் மட்டும் பாருங்கள். எனக்குக் காட்ட வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடுங்கள்.

"குரூப்புல கீது போட்டுற மாட்டீங்களே?"

"உங்க ஃபோன்ல இருக்கறதை நான் எப்படிப் போட முடியும்?"

"யாரு கண்டா. டிரெயினிங்கெல்லாம் குடுக்கறவரு நீங்க."

நாலைந்து நாளில் ஃபோன் வந்தது. டீச்சர் குரலில் சிரிப்பும் கோபமும் கலந்திருந்தன.

"சார், என்ற வாயி மூடவே இல்லீங்க! ஒரு புள்ள கைய தூக்கிட்டே நிக்குது, நாம் பாக்கவே இல்ல. தேங்காய கரை சேத்தறதுலயே இருந்திருக்கறேன். எங்க ஊட்டுக்காரரு எட்டிப் பாத்துப்போட்டு, 'இதென்ன புதுசா? நாங் கலியாணம் ஆன நாள்லருந்து கேட்டுட்டுத்தானே இருக்கறே'ங்கறாரு."

அன்று முதல் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஒரு விஷயத்தில்தான் வேலை செய்தோம். வீடியோவை நடுவில் நிறுத்துவது, ஒரு கேள்வி கேட்பது, பிறகு பேசாமல் இருப்பது. சொல்ல எளிது. கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பது ஓர் ஆசிரியருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது, பேசிப் பேசியே பிழைக்கிறவனுக்குத் தெரியும். பதில் வருவதற்குள் பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும். டீச்சரே ஒரு வழி கண்டுபிடித்தார். கேள்வி கேட்டதும் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர். வாயில் தண்ணீர் இருக்கும்வரை பேச முடியாதல்லவா? அதற்குள் ஏதாவது ஒரு பிள்ளை பேசிவிடும். இதற்கு என் புத்தகங்களில் நீளமான பெயர் உண்டு. பாட்டில் மட்டும் கிடையாது.

இதற்கு நடுவில் வேறொரு காரியமும் ஓடிக்கொண்டிருந்தது. மே மாத விடுமுறைப் பயிற்சியில் தமிழ் வழி ஆசிரியர்களை மலையாள வகுப்புகளில் இரண்டு பேர், மூன்று பேராகப் பிரித்து உட்கார வைப்பது வழக்கம். அவர்களுக்கு மலையாளம் பேச வரும், படிக்கவும் வரும். ஆனால் நாள் முழுக்க மலையாளத்தில் கற்றதை மறுநாள் தமிழில் யார் நடத்திப் பார்ப்பது, யார் திருத்துவது? தனியாக ஒரு தமிழ் வகுப்பு வேண்டும் என்று மனு கொடுத்துக்கொண்டே இருந்தோம். அந்த வருடம் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி அம்மா ஒரு வழி சொன்னார். நாங்கள் வந்து ஒரு வகுப்பைப் பார்க்கிறோம். தனி வகுப்பு நடத்தும் அளவுக்கு உங்களிடம் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் சிபாரிசு செய்கிறேன். இல்லையென்றால் பழையபடிதான்.

நான் டீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

"என்ற தலைலதான் போடறீங்களா? கெட்டுப்போச்சுன்னா அத்தனை பேரும் என்னையத்தானே பேசுவாங்க?"

"பேசுவா."

"இல்லைன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன்," என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

அதிகாரி அம்மாவும் மலையாளப் பயிற்றுநர்கள் சிலரும் வந்தார்கள். நாற்காலி போதாமல் பிள்ளைகளின் சிறிய பெஞ்சில், முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்தார்கள். அதே விதைப் பாடம். வீடியோ தொடங்கியதும் ஓர் இளம் பயிற்றுநர் துள்ளி எழுந்தார்.

"டீச்சரே, சவுண்ட் இல்லல்லோ!"

உதவும் எண்ணத்தோடு அவர் ஸ்பீக்கர் வயரைத் தேடினார். டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இருக்கட்டுங்க சார். வேணும்னுதான் வெச்சிருக்கறேன்."

பஞ்சு பறந்தது. தேங்காய் மிதந்தது. டீச்சர் தேவையான அளவு மட்டும் பேசினார். பிறகு வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தினார். திரையில் ஒரு பழைய சுவர். அதன் விரிசலிலிருந்து ஓர் அரசஞ்செடி.

"இந்தச் செடிய யாரு நட்டாங்க?"

கேட்டுவிட்டு, கை தானாகப் பாட்டிலைத் தேடி மேசைக்குப் போனது. பாட்டில் அங்கே இல்லை. யாரோ உபசாரமாக அதை அதிகாரி அம்மாவிடம் கொடுத்திருந்தார்கள். அவர் நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

வகுப்பில் சத்தமே இல்லை. ஒரு பயிற்றுநர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு நாக்கு நுனியில் பதில் வந்து நின்றது. தனி வகுப்பு, மனு, அத்தனை ஆசிரியர்களும் அந்த மௌனத்தில் தொங்குவதுபோல இருந்தது. பேசிவிடுவார், இப்போது பேசிவிடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். உதட்டை இறுக்கிக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்தபடி நின்றார்.

ஒரு பெண் குழந்தை எழுந்தது. "யாரும் நடலீங்க டீச்சர். காக்கா."

"காக்கா வந்து குழி தோண்டிச்சா?"

"இல்லீங்க. பழத்த தின்னுட்டு..." குழந்தை விருந்தினர்களைப் பார்த்துத் தயங்கியது. பின்னாலிருந்து ஒருவன் முடித்து வைத்தான். "பேண்டுதுங்க!"

வகுப்பு சிரித்தது. பெஞ்சில் மடங்கி உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். அதற்குள் இன்னொருவன் எழுந்துவிட்டான்.

"அப்பிடீன்னா மாங்கொட்டைய காக்கா முழுங்குமா? தொண்டைல சிக்கிக்கும்!"

"அது காக்கா இல்லடா. லாரி."

"லாரி எப்பிடிரா திங்கும்?"

"லாரிக்காரரு திம்பாரு. நம்மூரு மாங்காய ஏத்திட்டுப் போறாங்கல்ல? போற வழில பழுத்தத தின்னுட்டுக் கொட்டைய ரோட்டோரம் எறிவாரு. அங்க மொளைக்கும். எங்கப்பா அப்பிடித்தான் எறிவாரு."

டீச்சர் அப்போதுதான் வாய் திறந்தார். "அப்ப லாரிக்காரரும் காக்காயும் ஒண்ணா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஒன்றுதான், லாரிக்காரர் தெரியாமல் எறிகிறார், காக்காயும் தெரியாமல்தான் போடுகிறது என்று ஒரு பக்கம் வாதாடியது. தன் அப்பாவைக் காக்கா என்றதை ஒரு பையன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. காற்று, தண்ணீர், பறவை, விலங்கு என்று நாலு வழி சொன்ன அந்த வீடியோவில் லாரி இல்லை. எங்கள் பிள்ளைகள் சேர்த்தார்கள். பயிற்றுநர்கள் குறித்துக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்து கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணாடியில் தூசி ஒன்றும் இல்லை.

வகுப்பு முடிந்ததும் அதிகாரி அம்மா பாட்டிலை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தார். தனி வகுப்புக்குச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். யார் நடத்துவது என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டையை இழுத்துவிட்டேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"டீச்சர் எடுக்கட்டே."

டீச்சர் திகைப்பார் என்று நினைத்தேன். பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்.

"எடுக்கறனுங்க மேடம். ஆனா மலையிலிருந்து வர்ற டீச்சருங்க தங்கறதுக்கு எடம் வேணுங்க. அவிங்க போக வர ஒரு நாளாகுதுங்க. அப்பறம், ஃபேன் ஓடற ரூமாக் குடுங்க."

அதிகாரி அம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

சில வாரம் கழித்து உத்தரவு வந்தது. பயிற்சித் தலைமை என்ற இடத்தில் டீச்சர். தொழில்நுட்ப உதவி என்ற இடத்தில் நான். வீட்டுக்காரியிடம் பெருமையாகக் காட்டினேன்.

அவள் படித்துவிட்டு, "இதுல என்ன இருக்கு? உங்களைக் கீழே இறக்கியிருக்காளே," என்றாள்.

"ஆமாம்," என்றேன். "பார், எவ்வளவு அழகா இறக்கியிருக்கா!"

என் வேலையில் பாராட்டுக் கடிதங்கள் வந்ததுண்டு. எதையும் இரண்டாம் முறை படித்ததில்லை. இந்த உத்தரவை மட்டும் ஃபோனில் சேமித்து வைத்திருக்கிறேன்.

மே மாதத்து முதல் காலை சீக்கிரமே போய் புரொஜெக்டரை மாட்டினேன். ஃபேன் ஓடியது. மூணாறு பக்கத்து எஸ்டேட் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் பையும் தூக்கமுமாக வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் வாசலிலேயே கேட்டார், "யக்கா, இங்ஙனயும் சத்தத்த நிப்பாட்டிட்டுத்தான் நடத்துதீகளாமே? நாங்க மட்டுந்தான்னுல்லா நெனச்சோம்!"

டீச்சர் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். சிலர் சுவரோரம் நின்றார்கள்.

"சார்," என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "பக்கத்து ரூம்புல நாற்காலி இருக்குதுங்களா பாருங்க."

பார்க்கப் போனேன்.